‘ஆனால் அவர்களைப் போல அல்ல’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் மேல்சீலை போடும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பற்றி சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் தலைப்பிலும் கடைசிப் பத்தியிலும் அதை ‘மானம் காத்த போராட்டம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குமரி மாவட்டப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் போன மாதம் என் வீட்டிலேயே பார்த்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிற என் பேத்தி ஒரு நாள் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். “மாரை மறைக்க உங்க முன்னோர் அடிபட்டாங்க, உதைபட்டாங்க. நீங்க துப்பட்டாவை ஒழுங்காப் போட மாட்டேங்கிறீங்க” என்று பெண்பிள்ளைகளை எழுப்பி நிறுத்திச் சொன்னார்களாம். “பாட்டி, நம்ம ஆளுங்க இதுக்குத்தான் சண்டை போட்டாங்களா?” என்று கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளை உட்கார வைத்து 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது. நாடார் பெண்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் இனி மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்கிறது அரசு. கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம், அதாவது ரவிக்கை மாதிரி ஒரு மேல்சட்டை, போடலாம், மீனவ முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எந்த விதத்திலும் மூடலாம். அப்புறம் ஒரு வால்: ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல.

மானம்தான் பிரச்சினை என்றால் குப்பாயத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயரான மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்திலேயே கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் போட அனுமதி வந்துவிட்டது. உடம்பு மூடத்தான் செய்தது. அதற்குப் பிறகும் ஏன் அந்தப் பெண்கள் குப்பாயத்துக்கு மேலே ஒரு சீலையை எடுத்துத் தோளில் போட்டார்கள்? ஏன் 1820களில் கல்குளம் பக்கம் அடிதடி நடந்தது, 1829-ல் தோள்சீலைக்குத் தடை போட்டு உத்தரவு வந்தது? 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் சந்தைக்குப் போன பெண்களின் மேல்சீலையைப் பிடித்துக் கிழித்தவர்களுக்கு அந்தத் துணியில் அப்படி என்ன கோபம்? தோளில் போடுகிற அந்தச் சீலை மேல்சாதியின் அடையாளம். மேலானவர் எதிரே வந்தால் மேல்துணியை விலக்கி நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து மரியாதை, நாயர் பெண்களும் நம்பூதிரிகளுக்கு முன்னால் அப்படித்தான் நின்றார்கள். எங்கள் பெண்கள் கேட்டது அந்த மரியாதையை யாருக்கும் செலுத்த மாட்டேன் என்ற உரிமையை. ‘உன்னைப் போலவே நானும் போடுவேன்’ என்றார்கள். அரசு அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது.

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் எங்கள் மாவட்டத்துப் போராட்டங்கள் எல்லாமே புரியும் என்று வகுப்பில் சொல்வேன். சாமித்தோப்பில் 1809-ல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். அது உங்களுக்கு ஆகாத பெயர் என்று எதிர்ப்பு வந்து முத்துக்குட்டி ஆயிற்று. பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்களைப் போல அல்ல. அவரே பின்னால் அய்யா வைகுண்டராகி, இடுப்பில் துண்டைக் கட்டி நின்ற ஆண்களிடம் அதை எடுத்துத் தலையில் கட்டச் சொன்னார். அதே துண்டுதான். இருந்த இடம் மாறியது. இன்றும் அவர் வழிபாட்டுத் தலமான பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள்.

பிள்ளைகளை வருஷம் ஒரு முறை சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றுக்குக் கூட்டிப்போவேன். ஒருவர் இறைத்து அடுத்தவர் தலையில் ஊற்றுகிற இடம் அது. தண்ணீர் ஊற்றுகிறவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்று 1830களில் அய்யா வைகுண்டர் சொல்லி, அதை நடத்தியும் காட்டினார். அரசு அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் கொண்டுபோய் அடைத்தது. ஈரத்தலையோடு நிற்கிற பிள்ளைகளிடம் அந்தக் கிணற்றடியில் வைத்து இதைச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் எல்லாச் சாதியும் நடக்க வேண்டும் என்று நடந்த வைக்கம் போராட்டத்தில் பெரியார் சிறை சென்றது எல்லோருக்கும் தெரியும். நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடுவை எத்தனை பேருக்குத் தெரியும்? 1924 நவம்பரில் வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஓர் ஊர்வலம் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டபோது, எங்கள் பக்கமிருந்து நாயுடு இன்னொன்றை நடத்திப் போனார். சாதியில் மேலே இருந்தவர்கள், வழி மறுக்கப்பட்ட மற்றவர்களுக்காக நடந்த நடை அது. அந்தச் சாலைகளை எல்லோருக்கும் திறக்கச் சொல்லித் திருவிதாங்கூர் சட்டசபையில் வந்த தீர்மானம் ஒரே ஓட்டில், 22-க்கு 21 என்று தோற்றது. 1925 கடைசியில் சமரசம் வந்தபோது மூன்று பக்கத்துச் சாலைகளைத் திறந்தார்கள், கிழக்குச் சாலையைத் திறக்கவில்லை. பாருங்கள், மறுபடியும் அதே வால். நாயுடு அத்தோடு வீட்டில் உட்காரவில்லை. 1926-ல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக சத்தியாகிரகம் தொடங்கியது. கோயில் கதவு எல்லோருக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று.

நேசமணி வக்கீலாகச் சேர்ந்த காலத்தில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று இருந்ததாம். அவர் முக்காலியை எட்டி உதைத்த கதையை எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். உட்கார இடம் இருந்தது, ஆனால் அவர்களைப் போல அல்ல. பூதப்பாண்டி ஜீவாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது, அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 1859 அறிவிப்பு பெயர் சொன்னது நாடார் பெண்களை மட்டும்தான். அதற்கு 56 வருஷம் கழித்து, 1915-ல், கொல்லத்தில், புலையர் பெண்கள் கீழ்ச்சாதி அடையாளமாகக் கழுத்தில் போட வேண்டியிருந்த கல்மாலையை அறுத்தெறிய, புலையர் தலைவர் அய்யன்காளி கூட்டம் கூட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் பாட்டிக்கு அவள் அம்மா சொன்ன தோள்சீலைக் கதைகள் அத்தனையும் மனப்பாடம், சொல்லும்போது குரல் நடுங்கும். அதே பாட்டி, விளையில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்ற, பின்பக்கத்து இறவாரத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம் செருகி வைத்திருந்தாள். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். நான் சின்னப் பிள்ளை, ஒருநாள் அதில் தண்ணீர் மோந்து குடித்துவிட்டு அடி வாங்கினேன். எங்களுக்கும் கஞ்சி, அவர்களுக்கும் கஞ்சி. கிண்ணம் மட்டும் வேறு. பாட்டி நல்லவள். தோள்சீலையை அவள் மானம் காத்த கதையாகவே கேட்டு வளர்ந்தாள், மானம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது. சமத்துவத்துக்காக நடந்தது என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் கை கூசியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்று ஒவ்வொரு சாதியும் தன் தலைவருக்கு மட்டும் மாலை போடுகிறது. நான் இருக்கிற மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியாரை அழைத்து வந்த மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர் சாதியைச் சேர்ந்தவர். அவர் தொடங்கி வைத்த காரியத்தால் பள்ளிக்கூடம் கண்ட குடும்பங்கள் பல சாதியிலும் உண்டு, அவர் பெயரை அந்தக் குடும்பங்களிலேயே எத்தனை பேர் சொல்கிறார்கள்?

2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவில் இரண்டு மாநில முதல்வர்கள் வந்து பேசினார்கள். கூட்டத்தில் நானும் இருந்தேன், பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் கேட்கிறேன். அடுத்த ஜூலை 26 அன்று அந்த 1859 அறிவிப்பின் வாசகத்தை உங்கள் இதழில் முழுசாக அச்சிடுங்கள், கடைசி வரியை விட்டுவிடாமல். பத்துப் பிரதி வாங்கிக்கொள்கிறேன். ஒன்று பேத்தியின் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைக்கு. ஒட்டுகிற வேலையை அவள் இப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மயிலாடி, கன்னியாகுமரி மாவட்டம்