முதல் ஆள் மெஸ்ஸி இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மெஸ்ஸி பற்றிய உங்கள் அட்டைப்படக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எட்டுப் பக்கம், பதினோரு படம். நடுவில் ஒரு வரி: அமெரிக்காவின் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு முறை வென்ற முதல் வீரர் இவர்தானாம். 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டு வென்ற முதல் வீரர் என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்தத் 'தொடர்ந்து' எங்கே போனது? இடம் போதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம்.

இரண்டு முறை முதலில் வென்றவர் எங்கள் கான்சஸ் சிட்டி அணியின் ப்ரெகி. 1997-இல் ஒரு முறை, 2003-இல் ஒரு முறை. இரண்டாவது முறை வாங்கியபோது அவருக்கு வயது 40. அந்த சீசனில் 12 கோல், 17 அசிஸ்ட் (மற்றவர் கோலடிக்கக் கொடுத்த பந்து). இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? விளையாட்டுப் பக்கம் நடத்துகிற உங்களுக்கு நான் வகுப்பெடுக்க வரவில்லை. ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்க்க டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தவன் நான்.

லீக் தொடங்கிய 1996-இல்தான் நான் வேலைக்காகக் கான்சஸ் சிட்டி வந்து சேர்ந்தேன். அணிக்கு அப்போது 'விஸ்' என்று பெயர். அந்தப் பெயருக்கு ஊரே சிரித்தது, அடுத்த வருடமே மாற்றிவிட்டார்கள். ஆட்டம் ஆரோஹெட் ஸ்டேடியத்தில். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் கட்டிய பிரம்மாண்டம் அது. அதில் நாங்கள் கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி மாதிரி ஆங்காங்கே உட்கார்ந்திருப்போம். ப்ரெகி இடதுகால்காரர். பந்தை வாங்கி அடிப்பதுபோல் காலை ஓங்குவார், டிஃபெண்டர் உடம்பைக் கொடுப்பார், இவர் பந்தை இழுத்து இடதுபக்கம் வெட்டிவிடுவார். வலதுகாலால் பந்தைத் தொடவே மாட்டார் என்று எதிராளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்தில் பாப்கார்ன் விற்ற பையனுக்கும் தெரியும். இருந்தும் வாராவாரம் ஒருவர் ஏமாந்தார்.

இதைச் சொல்லும்போது பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. இரண்டு வருடம் முன்பு உங்கள் இதழில் கூரைக்குக் கீழே ஆடும் இன்டோர் கால்பந்தை 'அறைக்குள் பொழுதுபோக்கு' என்று ஒரு பெட்டிச் செய்தியில் தள்ளிவிட்டிருந்தீர்கள். மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். நான்கு வரி போட்டீர்கள், அதையும் வேறொருவர் பெயரில். சரி, போகட்டும்.

அந்தப் பொழுதுபோக்கில்தான் ப்ரெகி உருவானார், ஐயா. பெல்கிரேடில் ரெட் ஸ்டாரில் இருந்தவரை, முன்னாள் ஆர்சனல் வீரர் பாப் மெக்னாப் கண்டெடுத்து 1985-இல் டகோமா ஸ்டார்ஸ் அணிக்குக் கூட்டிவந்தார். ஐஸ் ஹாக்கி ரிங்க் அளவு இடம், சுற்றிலும் பலகை, பக்கத்துக்கு ஆறே பேர். பந்து வெளியே போகாது. பலகையில் பட்டு உங்கள் முதுகுக்கே திரும்பி வரும். யோசிக்க நேரம் கிடையாது. வாரக்கடைசியில் நாற்பது வயது தாண்டியவர்களோடு நான் ஆடியிருக்கிறேன். அந்தப் பலகையில் மோதி வாங்கிய தையல் புருவத்தில் இன்னும் இருக்கிறது. 1987 இறுதியாட்டத்தின் ஏழாவது போட்டிக்கு டகோமா டோமில் 21,728 பேர் வந்தார்கள். பொழுதுபோக்குக்கு இத்தனை பேரா? டகோமா தோற்றது, அது வேறு கதை.

பிறகு இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கின் முதல் சீசனிலேயே எவர்டனில் ஆடினார், அப்புறம் போர்ட்ஸ்மத். 1996-இல் அமெரிக்கக் குடியுரிமை. 1998 பிப்ரவரியில், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கான கோல்ட் கப் அரையிறுதியில், விருந்தாளியாக வந்த பிரேசிலுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து, எந்தக் காலால் என்று நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க ஆண்கள் அணி பிரேசிலை வென்றது இன்றுவரை அந்த ஒரு முறைதான். மறுநாள் ஆபீசில் குதித்துக்கொண்டே சொன்னேன். மேனேஜர் கேட்டார்: "பிரேசில் கூடைப்பந்து ஆடுமா?" இந்த நாட்டில் இருபத்தொன்பது வருடமாக இப்படித்தான் என் காலம் ஓடுகிறது. தமிழ் இதழிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று சந்தா கட்டினேன்.

உங்களுக்கு மெஸ்ஸி ஆடும் மயாமி என்றால்தான் பிடிக்கும்போல. அங்கேயும் 2001-இல் ப்ரெகி ஒரு சீசன் ஆடினார், ஃப்யூஷன் அணியில். அந்த சீசனோடு அணியையே மூடிவிட்டார்கள். அதற்கு அவர் காரணம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அப்படியும் எழுதுவீர்கள்.

ஏனென்றால் அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையை 'சோபிக்கவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்த பழைய பெட்டிச் செய்தியும் என்னிடம் கத்தரித்த தாளாக இருக்கிறது. டொரண்டோவில் 2010-இல் ஒரு சீசன் முடியும் முன்பே வெளியேற்றினார்கள், உண்மைதான். அதற்கு முன் 2007-இல் எம்.எல்.எஸ். அணியான சீவாஸ் யூ.எஸ்.ஏ.வை மேற்குப் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுபோய் அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியது யார்? பிளே ஆஃபில் அவரை வெளியேற்றியது எங்கள் கான்சஸ் சிட்டி அணியே. அன்று யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது தனிக்கதை. 2014-இல் சாக்ரமெண்டோ ரிபப்ளிக், அந்த அணி பிறந்த வருடமே, எம்.எல்.எஸ்.ஸுக்குக் கீழ்நிலை லீக்கான யு.எஸ்.எல். கோப்பை. பிறகு சியாட்டிலில் பிரையன் ஷ்மெட்சருக்கு உதவிப் பயிற்சியாளர். ஷ்மெட்சரும் பழைய இன்டோர் ஆட்டக்காரர்தான். பொழுதுபோக்கு!

என் மகனும் இடதுகால்காரன். பத்து வயதில் அவனை ஒரு கிளப்பில் சேர்த்தேன். வலதுகாலைப் பயன்படுத்தவில்லை என்று அங்கிருந்த கோச் ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்காரவைத்தார். "ப்ரெகியைப் பாருங்கள்" என்றேன். "யார் அது?" என்றார். அதே ஊரில்! உங்கள் வரியைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம்: மெஸ்ஸி இரண்டாவது ஆள், தொடர்ந்து வென்றதில் முதல் ஆள். குறுக்கெழுத்து விடைக்குக் கீழே கொசுமருந்து விளம்பரத்தோடு ஒட்டாமல், அதே விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். கடிதத்தை வெட்டுவதானால் தாராளமாக வெட்டுங்கள்; 1997, 2003 என்ற இரண்டு எண்களை மட்டும் விட்டுவையுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். எப்படியும் மாற்றித்தான் போடுவீர்கள்.

இப்படிக்கு,
பதினேழு வருடச் சந்தாதாரர்,
ஓவர்லேண்ட் பார்க், கான்சஸ்