வானின் பின்கதவில் இறாக்கை பொருத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிய போதிலும், புதிய வாகனமொன்றின் விலை சாதாரண தொழிலாளி ஒருவருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கின்றது. ஆகையால் மின்னிணைப்பு வேலை செய்பவர், குழாய் பொருத்துபவர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் மரக்கறி கொண்டுசெல்பவர் எனப் பலரும் கையிலுள்ள பழைய ஹையேஸையோ எவ்ரி வானையோ வைத்தே காலத்தை ஓட்டுகின்றனர். இருக்கைகளைக் கழற்றாமல் கருவிப் பெட்டிக்கும் கயிற்றுக்கும் இடம் தேடும்போது மிஞ்சுவது பின்கதவின் உட்புறந்தான். அங்கே தாமே ஓர் இறாக்கையை, அதாவது சாமான் வைக்கும் தட்டுகள் கொண்ட சட்டத்தை, செய்து மாட்டிக்கொண்ட வான்களை இப்போது அடிக்கடி காண முடிகின்றது.

இதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊருக்கு ஓர் இறாக்கை பெரிய வித்தையல்ல. ஆனால், நான் பார்த்தவற்றுட் பெரும்பாலானவை தகடு தாங்காத இடத்தில், தாங்காத பாரத்துடன் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதனாலேயே இதை எழுதுகின்றேன்.

பின்கதவின் உட்புறத்திலுள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினால் தெரியும் இரும்புத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாதது. அதில் நேரடியாகத் திருகாணியை முறுக்கினால் முதல் நாளில் இறுக்கமாகத்தான் இருக்கும். குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் சில வாரங்கள் ஓடியதும் துளை நீள்வட்டமாக அகன்று ஆணி கையோடு வந்துவிடும். கதவில் ஏற்கெனவே உள்ள கைபிடி, பூட்டு ஆகியவற்றின் போல்ட் துளைகளைச் சுற்றி உற்பத்தியாளரே தகட்டைப் பலப்படுத்தியிருப்பார். பூட்டின் இயக்கத்தைத் தடுக்காமல் அவற்றுட் பயன்படுத்தக்கூடியவற்றையே முதலில் பயன்படுத்த வேண்டும். அவை போதாவிட்டால், தகட்டின் பின்புறம் விரிந்து பிடித்துக்கொள்ளும் ரிவெட் நட்டுகளைப் போட்டு, அவற்றில் போல்ட்டுகளை முறுக்கலாம். துளையிடுமுன் உள்ளே வைப்பர் மோட்டாரும், இலக்கத் தகட்டு விளக்கின் வயரும், பூட்டின் கம்பியும் எங்கெங்கே செல்கின்றன என்று மின்சூள் அடித்துப் பார்ப்பது அவசியம். துளையிட்ட விளிம்புகளுக்குக் கறள் தடுக்கும் பூச்சைத் தடவாமல் விட்டால், நம் கடற்காற்றின் உப்பு மிகுதி வேலையைச் செய்துவிடும். கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளை இறாக்கையின் சட்டமோ இரும்புத் தூளோ அடைத்துவிடக் கூடாது; கண்ணாடி றப்பர் வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற முடியாமல் தேங்கி, கதவை உள்ளிருந்தே தின்னத் தொடங்கும்.

சட்டத்துக்கு அலுமினியக் கோணமும், தட்டுகளுக்கு மெல்லிய ஒட்டுப்பலகையும் போதுமானவை. வீட்டில் கிடக்கிறதே என்று வேப்பம் பலகையையோ வாயிற்கதவுக்கு வாங்கி மிஞ்சிய இரும்பையோ பயன்படுத்துவோர், சாமான் ஏற்றுமுன்பே பாரத்தின் பாதியை ஏற்றிவிடுகின்றனர். அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்தால், அரிப்பும் குறையும், ஓட்டத்தில் எழும் கடகடச் சத்தமும் அடங்கும். நட்டுகள் உள்ளே நைலோன் வளையம் உள்ளவையாக இருத்தல் நல்லது. சாதாரண நட்டு அதிர்வில் தானாகக் கழன்றுவிடும்.

பாரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பஜெரோ போன்ற பக்கவாட்டில் திறக்கும் கதவுகளின் பிணைச்சல்கள், வெளியே தொங்கும் மேலதிக ரயரைத் தாங்கவென்றே அமைக்கப்பட்டவை. ஹையேஸிலும் எவ்ரியிலும் நிலைமை வேறு. மேல்நோக்கித் திறக்கும் அந்தக் கதவைத் தூக்கி நிறுத்துவது இரு பக்கமும் உள்ள வாயுத் தண்டுகள். கதவின் சொந்த எடைக்கென அளவிடப்பட்ட அத்தண்டுகள் பழைய வான்களில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். பிணைச்சலிலிருந்து தூரம் கூடக்கூடப் பாரத்தின் இழுவையும் கூடுவதால், கதவின் அடிப்பகுதியில் வைக்கும் ஐந்து கிலோ, மேற்பகுதியில் வைக்கும் ஐந்து கிலோவை விடப் பல மடங்கு இழுக்கும். குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும் என்பதும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் அசையாமல் நின்ற கதவு, சுற்றுலா சென்ற இடத்தில், நுவரெலியாவின் அதிகாலையில், கீழே குனிந்து பை எடுப்பவரின் தலையில் இறங்கலாம். இறாக்கையும் சாமானும் சேர்த்து எட்டுக் கிலோவுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வதே பழைய வானுக்குப் பொருத்தம் என்பது என் அனுபவக் கணிப்பு. சுத்தியலும் ஜாக்கியும் தரையில் பெட்டிக்குள் கிடக்கட்டும். கையுறை, வயர்ச் சுருள், துணி, முதலுதவிப் பொருட்கள் கதவுக்குப் போகட்டும்.

இவற்றை விட எனக்குக் கவலை தருவது பாடசாலைச் சேவை வான்கள். காலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பகலில் வேறு தொழிலுக்கு ஓடும் வான்களில், கடைசி இருக்கையின் தலைமட்டத்துக்கு நேர் பின்னால் இந்த இறாக்கை நிற்கின்றது. ஓட்டுநர் சடுதியாகப் பிரேக் பிடித்தால், தட்டிலுள்ள குறடு வான் ஓடிய வேகத்திலேயே முன்னால் வரும். விளிம்பில் இரண்டு அங்குலத் தடுப்பு வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது. பிள்ளைகள் ஏறும் வானில் தட்டுகளுக்கு மூடியோ இறுக்கமான வலையோ கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையேல் காலையில் அவற்றை வெறுமையாக்க வேண்டும். கதவை உள்ளிருந்து திறக்கும் பிடியை இறாக்கை மறைப்பதும் கூடாது. விபத்தின்போது பின்கதவே வெளியேறும் வழியாகலாம்.

வெளிப்புறத்தில் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலக்கத் தகடும் பிரேக் விளக்கும் மறையும். ஒழுங்கையில் பின்னால் வரும் சைக்கிள்காரரின் முழங்காலுக்கும் அது ஆகாது.

2025 தொடக்கத்தில் நாடு முழுவதும் வாகனங்களிலுள்ள மேலதிகப் பொருத்துகளைப் பொலிஸார் அகற்றத் தொடங்கியபோது, எது அனுமதிக்கப்பட்டது, எது அனுமதிக்கப்படாதது என்ற தெளிவு பல ஓட்டுநர்களுக்கு இருக்கவில்லை. வீதியோரத்தில் நிறுத்தித் தண்டிப்பதற்கு முன்னர், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் இத்தகைய உட்புற இறாக்கைகள் பற்றிய விதிகளைப் படங்களுடன் எளிய தமிழில் வெளியிட வேண்டும். யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் சனிக்கிழமைகளில் அரை நாள் செயன்முறை வகுப்பொன்றை நடத்தினால், வான் உரிமையாளர்களும் சிறிய வெல்டிங் கடைக்காரர்களும் பயனடைவர். அவ்வகுப்பில் மாதிரி இறாக்கை ஒன்றைச் செய்து காட்ட நான் ஊதியமின்றி முன்வருகின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர்,
கொக்குவில்.