கணக்கீட்டு வேதியியல் நடத்தப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டாய், கணக்கீட்டு வேதியியல் தாளையும் உன்னிடமே கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, அதற்குமேல் இன்டர்னல் மதிப்பெண், ரெக்கார்டு நோட்டு, நாக் தர மதிப்பீட்டுக் கோப்புகள். அதெல்லாம் போகப்போகப் பழகிவிடும். நான் எழுத நினைத்தது எம்.எஸ்சி. புராஜெக்ட் பற்றி.

உன்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் டாக்கிங்தான் கேட்பார்கள், அதாவது ஒரு மூலக்கூறு ஒரு புரதத்தில் எங்கே, எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணினியில் பார்ப்பது. நிலவேம்பிலிருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடை டெங்கு வைரஸின் ஏதோ ஒரு புரதத்தில் ஆட்டோடாக் வினா என்ற நிரலைக் கொண்டு பொருத்திப் பார்ப்பார்கள். பிணைப்பு ஆற்றல் மோலுக்கு மைனஸ் 8.4 கிலோகலோரி (எண் கீழே போகப்போக இறுக்கம் கூடும்) என்று வந்ததும் “சார், மருந்து கிடைச்சிருச்சு” என்று ஓடிவருவார்கள். அந்த உற்சாகத்தை அணைத்துவிடாதே. பக்கத்தில் உட்காரவைத்து, “சரி, இந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம்?” என்று கேள்.

வினா தரும் மதிப்பில் 2 முதல் 3 கிலோகலோரி வரை பிழை சகஜம். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி மாறினாலே ஒட்டும் வலிமையைச் சொல்லும் பிணைப்பு மாறிலி பத்து மடங்கு மாறிவிடும், 2.8 மாறினால் நூறு மடங்கு. இதைக் கரும்பலகையில் அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல். மைனஸ் 8.4-ஐ முதலிடத்திலும் மைனஸ் 7.9-ஐ மூன்றாம் இடத்திலும் வைத்து அட்டவணை போடுவதில் ஒன்றுமில்லை என்று அவர்களுக்கே புரிந்துவிடும். மூலக்கூறு பெரிதாக இருந்தால் வினா தரும் மதிப்பெண்ணும் தானாகவே கூடும் என்பதையும் காட்டிவிடு.

அப்புறம் ஒரு சோதனையைக் கட்டாயமாக்கு. புரதத்தைப் படிகமாக்கி அளந்த கட்டமைப்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மூலக்கூறை வெளியே எடுத்துவிட்டு, அதே புரதத்தில் திரும்பப் பொருத்தச் சொல். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஓர் அணுவின் அகலத்துக்குள், வந்து உட்கார்ந்தால் மேலே போகலாம். உட்காரவில்லையா, புதிய மூலக்கூறைத் தொடவே கூடாது. இந்தச் சோதனை இல்லாத ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நீயும் போடாதே. மூலிகைகள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். டாக்கிங் செய்ததை “நிரூபிக்கப்பட்டது” என்று எழுதவிட்டால், நாளைக்கே அது வாட்ஸ்அப்பில் வைத்தியமாகச் சுற்றும்.

புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஏஐ நிரலான ஆல்ஃபாஃபோல்ட் பற்றியும் கேட்பார்கள். 2024 வேதியியல் நோபலில் ஒரு பாதி டெமிஸ் ஹஸாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் அதற்காகத்தான் போனது. “இனி ஏஐ எல்லாம் பார்த்துக்கொள்ளும், நாம் எதற்கு இதைப் படிக்க வேண்டும்?” என்பார்கள். அது பயின்றதே 1971-இலிருந்து சேர்ந்துவரும் புரதக் கட்டமைப்புக் களஞ்சியத்தில் இருந்து, அதாவது ஆய்வகங்களில் மனிதர்கள் அளந்து வைத்ததிலிருந்து என்று சொல். அந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்தது, தன் சந்தேகத்தை அதுவே நிறத்தில் காட்டிவிடுவது. கருநீலம் என்றால் நம்பலாம், ஆரஞ்சு என்றால் நம்பக் கூடாது. நம் பிள்ளைகளோ படம் அழகாக இருக்கட்டும் என்று முழுப் புரதத்துக்கும் ஒரே நிறம் அடித்துவிட்டு, அந்த ஆரஞ்சு வளையத்திலேயே கொண்டுபோய் மருந்தைப் பொருத்துகிறார்கள்!

குவாண்டம் பகுதிக்கு வருகிறேன். டிஎஃப்டி (எலெக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணக்கிடும் முறை) என்றதும் வால்டர் கோன், 1998 நோபல் என்று நோட்ஸ் கொடுத்து முடித்துவிடாதே. இரண்டு பென்சீன்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நல்ல பெரிய பேசிஸ் செட்டில் (எலெக்ட்ரான்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) பி3எல்ஒய்பி என்ற டிஎஃப்டி வகையைப் போட்டு ஓட்டவிடு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும். நிஜத்தில் பென்சீன் ஜோடி ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் சற்று நகர்ந்து அமரும்போது அந்தப் பிணைப்பு 2.7 கிலோகலோரி அளவுக்கு வரும். பி3எல்ஒய்பி-இல் லண்டன் விசை, அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய ஈர்ப்பு, இல்லை, அதுதான் காரணம். இன்புட் ஃபைலில் அந்த ஈர்ப்புக்காக வேதியியலாளர் கிரிம்மே தந்த டி3 திருத்தத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். அவுட்புட்டில் “இயல்பாக முடிந்தது” என்று வந்தாலும் விடை தப்பாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்முறை எனக்குத் தெரிந்து வேறில்லை.

எளிய மாதிரி என்றாலே மட்டம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாக மட்டும் எண்ணி, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் அவை இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். அதிலிருந்து வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் உலகம் முழுக்க இன்றும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். தங்கள் மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிண்டி வளாகத்தில் நடந்த வேலை இது. நம் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடு.

பல கணினிகளை இணைத்த கிளஸ்டர் இல்லையே என்று தயங்காதே. ஆர்க்கா என்ற குவாண்டம் கணக்கீட்டு நிரலைக் கல்விப் பணிக்கு இலவசமாகத் தருகிறார்கள், அதே வேலைக்கான சைஃபோர் திறந்த மூலம், படம் வரைய அவகாட்ரோ போதும். துறையில் ஒரு சுமாரான டெஸ்க்டாப்பும் ஒரு யுபிஎஸ்ஸும் கேட்டு வாங்கிக்கொள். செமஸ்டர் தொடங்குவதற்குள் பென்சீன் ஜோடிக்கான இன்புட் ஃபைல்களை மெயிலில் அனுப்பிவைக்கிறேன். ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்