வேலூரில் ஒரு தடவை நிறுத்து

பாப்பா,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆடியில் பெங்களூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டுத் திரும்பிப் போனதும் நீ அனுப்பின மெசேஜை நாலைந்து தடவை படித்துவிட்டேன். வரும்போது லிட்டருக்கு 38 கிலோமீட்டர் கொடுத்த வண்டி போகும்போது 32 தான் கொடுத்தது, சர்வீஸில் எதையோ கெடுத்துவிட்டார்கள், போய் சண்டை போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே, தீபாவளிக்கு டேங்க் ஃபுல் பண்ணிக்கொண்டு கிளம்பினால் வழியில் எங்கும் பெட்ரோல் போடாமல் வளசரவாக்கம் வந்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதற்கும் தெரிந்துவிடும்.

வண்டியில் ஒன்றும் இல்லை. மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதே. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் இருப்பது கடற்கரை ஊரான சென்னையில். ஓசூர் தாண்டி சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என்று நீ வரும்போது சாலை சீராக இறங்கிக்கொண்டே வரும். உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். போகும்போது அதே இறக்கத்தை ஏறிக் கடக்க வேண்டும். வண்டி 195 கிலோ, நீ, உன் பை, அம்மா கட்டிக் கொடுத்த டப்பாக்கள் எல்லாம் சேர்த்து அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறங்கும்போது அதில் ஒரு பங்கு மிச்சமாகியிருக்கும், ஏறும்போது அது செலவு. ஆனால் 38-க்கும் 32-க்கும் உள்ள இடைவெளி இதனால் மட்டும் வராது. மீதி காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொல்வாள் இல்லையா, அந்தக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. நீ சென்னைக்கு வரும்போது அது முதுகைத் தள்ளியது, திரும்பும்போது வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் நெஞ்சில் வந்து மோதியிருக்கும். நீ 80-ல் போகிறாய், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் வண்டிக்கு அது 95-ல் போவது மாதிரிதான், காற்றின் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். மீட்டரில் 80 என்றே காட்டும், பெட்ரோல் மட்டும் அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

அதனால் அந்த 38-ஐ உன் வண்டியின் மைலேஜ் என்று நினைக்காதே. இறக்கமும் பின்காற்றும் சேர்ந்து கொடுத்த எண் அது. தீபாவளிக்கு நீ வரும்போது ஐப்பசி, காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து அடிக்கும். இறக்கம் இருக்கும், பின்காற்று இருக்காது, எதிர்க்காற்றுகூட இருக்கலாம், மழையும் இருக்கலாம்.

இப்போது கணக்கைப் பார். உன் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் டேங்க் 13 லிட்டர். 38 என்று வைத்தால் 494 கிலோமீட்டர், வீட்டுக்கு வந்து பீச்சுக்கும் போய்விட்டு வரலாம் போலத் தோன்றும். 32 என்று வைத்தால் 416, அதுவும் போதும் போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் எப்போதும் கடைசி இரண்டு லிட்டரைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். மிச்சம் 11 லிட்டர், 32-ஆல் பெருக்கினால் 352. உன் வாசலிலிருந்து நம் வாசலுக்கு ஏறக்குறைய 350. கையில் மிச்சம் ஒன்றுமே இல்லை. பூந்தமல்லியிலிருந்து வளசரவாக்கம் வரைக்கும் தீபாவளிக் கூட்டத்தில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து வருகிற தூரத்துக்கு 32 எல்லாம் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள். அப்போது 330 தான் நம்பக்கூடிய தூரம். ஆகவே ஒரே டேங்கில் வர முடியுமா என்றால் முடியலாம், நீ அப்படி வரக்கூடாது என்பதுதான் என் பதில்.

அந்த இரண்டு லிட்டரை ஏன் விடச் சொல்கிறேன் என்று கேட்பாய். பங்கில் நாசில் தானாக நின்றதும் டேங்க் நிறைந்துவிட்டது என்கிறோம், உண்மையில் கழுத்தில் கொஞ்சம் இடம் இருக்கும், இருக்கவும் வேண்டும், வெயிலில் பெட்ரோல் விரியும். அதனால் நீ ஃபுல் என்று நினைப்பது முழு 13 இல்லை. அப்புறம் உன் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது, சுற்றி இருக்கிற பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது, அடிமட்டம் வரைக்கும் வற்ற வைத்து ஓட்டுவது அதற்கு நல்லதில்லை. மீட்டரில் தெரிகிற கட்டங்களையும் நம்பாதே. டேங்க் வண்டியின் முதுகெலும்பு மேலே இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது, நேரான பெட்டி இல்லை, அதனால் உள்ளே அளவு காட்டுகிற மிதவை ஒரே சீராக இறங்காது. சைடு ஸ்டாண்டில் ஒன்று காட்டும், நிமிர்த்தினால் ஒன்று காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நடுராத்திரியில் பள்ளிகொண்டா பக்கம் பெட்ரோல் தீர்ந்து 195 கிலோவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு நீ நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் காலத்து வண்டியில் பெட்ரோல் டேப் இருந்தது. நான் மெடிக்கல் ரெப்பாகக் காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி, செங்கல்பட்டு என்று சுற்றின வருஷங்களில் ஓட்டினது ஸ்ப்ளெண்டர். ஓடிக்கொண்டே இருக்கும்போது எஞ்சின் லேசாக இருமும், ஆக்சிலரேட்டர் முறுக்கினாலும் இழுக்காது, உடனே இடது கையை இறக்கி முழங்காலுக்குப் பக்கத்தில் தடவி டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால் இரண்டு மூன்று நொடியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். பார்க்காமலே கை அங்கே போகும். அந்த இருமல்தான் எச்சரிக்கை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த டேப் கிடையாது, ஒரு விளக்கு எரியும், கட்டம் மின்னும், அதற்கு மேல் எவ்வளவு போகும் என்று அவரவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் ரிசர்வை நீயே மனசுக்குள் வைத்துக்கொள் என்கிறேன், அந்த இரண்டு லிட்டர்தான் உன் ரிசர்வ்.

எனக்கு மைலேஜ் என்பது பொழுதுபோக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். கம்பெனி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும், அதில் பெட்ரோலுக்குப் போக மிஞ்சுவது வீட்டுக்கு. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடினால் மாசக் கடைசியில் அது கையில் தெரியும். உன் ஸ்கூல் வேன் காசு பல மாசம் அதிலிருந்துதான் போனது. அதனால் பெட்ரோல் டேங்க் கவரில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும்.

நீ அளக்கிற விதம் சரியில்லை. 500 ரூபாய்க்குப் போட்டு, கட்டம் எத்தனை குறைந்தது என்று பார்த்து மைலேஜ் சொல்கிறாய், அதில் எண்ணும் வராது, உண்மையும் வராது. ஃபுல் டேங்க் போடு, நாசில் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல், ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணு. அடுத்த தடவையும் ஃபுல், முடிந்தால் அதே பங்கில், வண்டியை அதே மாதிரி சென்டர் ஸ்டாண்டில் போட்டு. ஓடின கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். அதுவும் ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதே, அடுத்தடுத்து சில ஃபில்லிங்கைக் கூட்டி மொத்தமாக வகுத்துப் பார். ஊருக்குள் ஓட்டினது தனி, ஹைவே தனி. விளம்பரத்தில் போடுகிற எண் புனேயில் வண்டிகளைச் சோதிக்கிற அராய் (ARAI) மாதிரி இடங்களில் வண்டியை உருளை மேல் நிறுத்தி, எழுதி வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. அங்கே ஆடிக் காற்று கிடையாது, உங்கள் பெங்களூர் சில்க் போர்டு சிக்னலும் கிடையாது. இரண்டு வண்டியை ஒப்பிட அது உதவும், வேலூர் வரைக்கும் பெட்ரோல் வருமா என்று தெரிந்துகொள்ள உதவாது.

கிளம்புவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் நன்றாக ஒரு சுற்று விடு. தாராளமாகச் சுற்றிக்கொண்டே போய் மெதுவாக நிற்க வேண்டும். சர்ர் என்று ஒரே இடத்தில் உரசுகிற சத்தத்தோடு சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, நீ போகிற 350 கிலோமீட்டரும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போவதற்குச் சமம். அப்படியே செயினைப் பார், காய்ந்து செம்பழுப்பாக இருந்தால் மண்ணெண்ணெயில் துடைத்து ஸ்ப்ரே அடி. செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார், ரொம்ப இறுக்கமும் கூடாது, தொங்கவும் கூடாது, அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. டயரில் காற்று குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், ஓட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். பின்னால் உன் ஃப்ரெண்டும் உட்காருவாள் என்றால் பின் டயருக்கு அளவு வேறு. சும்மா "ஏறக்குறைய போடுங்க அண்ணா" என்று சொல்லாதே, எண்ணைச் சொல்லிப் போடச் சொல்.

வேகத்தைப் பற்றிச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றைத் தள்ள எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிருஷ்ணகிரியிலிருந்து காஞ்சிபுரம் வரை 100-ல் வந்து நீ மிச்சம் பிடிப்பது அரை மணி நேரம்கூட இல்லை. அந்த வண்டியும் அதற்காகச் செய்தது கிடையாது, 75-80-ல் அதன் சத்தமே வேறு மாதிரி இருக்கும், உனக்கே தெரியும். (1955-லிருந்து திருவொற்றியூரில் வண்டி செய்து வந்த கம்பெனி என்ஃபீல்டு, நம்மூர்ப் பிள்ளை. அந்த வண்டியை வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது அம்மா திட்டினாள், எனக்குள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது.)

இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதில் லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பழைய கணக்கோடு ஒப்பிட்டு வருத்தப்படாதே. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள் இதற்கு ஏற்ற ரப்பரோடு வருகின்றன, உன்னுடையது 2022, அடுத்த சர்வீஸில் பெட்ரோல் குழாய்களை ஒரு தடவை பார்க்கச் சொல். மழையில் வண்டியைத் திறந்த வெளியில் விடாதே. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய்த் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாசக்கணக்கில் கால் டேங்கோடு நிறுத்தி வைப்பதும் அதே காரணத்தால் வேண்டாம்.

பங்கில் 100 என்று ரவுண்டாகப் போட்டால் ஏமாற்றுவார்கள், 110 ரூபாய்க்குப் போடு, காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்றெல்லாம் உன் ஆபீஸில் யாராவது சொல்வார்கள். பெட்ரோல் பூமிக்கு அடியில் டேங்கில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய வித்தியாசம் வராது. சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் கேனைக் கொண்டுவந்து அளந்து காட்டச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, எல்லாப் பங்கிலும் அது இருக்க வேண்டும். ஜீரோ பாத்துக்கோங்க மேடம் என்று பையன் சொல்லும்போது போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும்.

வழி இப்படி வைத்துக்கொள். கிளம்புகிற முந்தின நாளே ஃபுல். ஆம்பூரில் சாப்பிட நிற்பாய், அது எனக்குத் தெரியும், பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே ஏறாமல் கொஞ்சம் உட்கார். வேலூர் உனக்கு ஏறக்குறைய 210 கிலோமீட்டர், நமக்கு 140. அங்கே மறுபடி ஃபுல் பண்ணு, கட்டம் எவ்வளவு காட்டினாலும் சரி. ஏழு லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், அந்த லிட்டரையும் ட்ரிப் மீட்டரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, மைலேஜை நான் போட்டுச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ராத்திரி கிளம்பாதே. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினால் மதியத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிவிடலாம், கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாய். மழை பலமாக இருந்தால் வண்டியை அங்கேயே வைத்துவிட்டு ரயிலில் வா, டிக்கெட் இப்போதே ஒன்று போட்டு வைக்கிறேன், தேவைப்படாவிட்டால் கேன்சல் பண்ணிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா