நம் கடைக் கம்பளம் அச்சுத் துணி அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொலு வேலைகள் ஆரம்பிக்கும் இந்த நேரத்தில் வழக்கமாகப் புதுச் சாமான்களின் படங்களைத்தான் உங்களுக்கு அனுப்புவோம். இந்த முறை அதற்கு முன்னால் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் பலருக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கும். நம்மிடம் பொம்மை வீட்டுக்கு வாங்கிய சின்ன ரத்தினக் கம்பளத்தின் படத்தைப் போட்டு, அச்சடித்த துணியைக் கைத்தையல் என்று சொல்லி விற்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். விலை அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. கைத்தையலே இல்லை என்றதுதான் தாங்கவில்லை. அந்தக் கம்பளத்தைத் தைத்தவர்களும் அதைப் படித்தார்கள்.

எழுதியவர் யார் என்று நாங்கள் தேடப் போவதில்லை. ஆனால் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு இன்னொருவருக்கும் தோன்றும்.

நம் பொம்மை வீட்டுச் சாமான்கள் எல்லாம் 1:12 அளவில் செய்பவை என்பது உங்களுக்குத் தெரியும். நிஜ வீட்டில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். இந்த அளவில் கம்பளம் தைக்கச் சாதாரண எம்ப்ராய்டரித் துணி உதவாது; பூ வரைந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் அங்குலத்துக்கு 40 கண், அதாவது 40 ஓட்டை, உள்ள பட்டு காஸ் என்ற வலைத் துணியில் தைக்கிறோம். குறுக்கே 40, நெடுக்கே 40. ஒரு சதுர அங்குலத்துக்குள் 1,600 தையல். நான்குக்கு மூன்று அங்குலக் கம்பளம் என்றால் 19,200 தையல். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. போன் கேமராவில் எடுத்தால் இவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வழவழவென்று அச்சுத் துணி மாதிரிதான் தெரியும். அந்தப் படத்திலும் அப்படித்தான் தெரிந்தது.

அடுத்தது பின்பக்கம். திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளைத் துணிதான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அது நாங்கள் வைத்து ஒட்டும் மல் துணி. நூல் முனைகள் பிரியாமல் இருக்கவும், கம்பளம் தரையில் படிந்து கிடக்கவும் ஆரம்பத்திலிருந்தே அப்படிச் செய்கிறோம். இனிமேல் ஒரு மூலையை ஒட்டாமல் விட்டுத் தருகிறோம், தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே கூடை முடைந்தது போல நூல் ஏறி இறங்கிப் போவது தெரியும். அதைத்தான் பாஸ்கெட் வீவ் என்கிறோம். பின்னால் நூல் அதிகம் போகாத பாதித் தையலாகப் போட்டால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கம்பளம் கோணிப்போகும். அதனால் நாங்கள் அப்படிச் செய்வதில்லை.

முன்பக்கத்திலும் அடையாளம் உண்டு. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் லென்ஸ் இருந்தால் போதும். எல்லாத் தையலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். பூவின் வளைவு எங்கேயும் வழுக்கிக்கொண்டு போகாது, படிப்படியாக ஏறும். அச்சில் அந்தப் படி இருக்காது. நிறங்களிலும் வித்தியாசம் தெரியும்: ஆறு இழை நூலிலிருந்து ஓர் இழையை மட்டும் பிரித்து, 28ஆம் நம்பர் ஊசியில் கோத்துத் தைக்கிறோம். நூலை நீளமாக எடுத்தால் துணியின் கண்ணுக்குள் நுழைந்து நுழைந்து பஞ்சாகிவிடும் என்பதால் ஒரு முழத்துக்கும் குறைவாகவே வெட்டிக்கொள்வோம். நூல் மாற்றிய இடம் சில சமயம் லேசாகத் தெரியும். தெரிந்த கண்ணுக்கு அது குறை இல்லை.

விலையையும் சொல்லிவிடுகிறோம். கை பழகியவர்கள் மணிக்கு முந்நூறு தையல் போடுவார்கள். அதற்கு மேல் வேகம் காட்டினால் நிறம் மாற்றிப் போட்டுவிடுவார்கள், பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்த நான்குக்கு மூன்று கம்பளத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது 6,500 ரூபாய். அதில் பெரும்பகுதி தைத்தவருக்குப் போகிறது. மீதியில்தான் வெளிநாட்டிலிருந்து வரும் காஸ் துணி, நூல், கடை வாடகை எல்லாம். இதை உள்ளங்கை அளவுத் துணிக்கு அநியாய விலை என்று சொல்பவர்கள் ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்து ஒரு சதுர அங்குலம் தைத்துப் பார்க்கட்டும். ஊசி, துணி, நூல் எல்லாம் நாங்களே தருகிறோம்.

இவ்வளவு சின்னதை யாராவது கையால் தைப்பார்களா என்றும் அந்தச் செய்தியில் ஒரு கேள்வி இருந்தது. தைக்கிறார்கள். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் தார்ன் அறைகள் என்று 68 சின்னஞ்சிறு அறைகள் இருக்கின்றன. 1930களில் செய்தவை, நம்மைப் போல 1:12 அளவுதான். அவற்றில் விரித்திருக்கும் கம்பளங்கள் பல ஊசி வேலைதான். புது டெல்லியைத் திட்டமிட்ட லட்யன்ஸே 1920களின் ஆரம்பத்தில் இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீடு வடிவமைத்தார். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது, அதுவும் இதே அளவு. பெரியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து செய்கிற வேலைதான் இது, எல்லா ஊரிலும்.

நம்மிடம் கம்பளம் தைத்தவர்களில் மூத்த அக்கா, கண் பார்வை காரணமாக இனி நுண்தையல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். மெத்தை, தலையணை, திரைச்சீலை வேலைகளை இப்போதும் அவரே பார்க்கிறார். திரைச்சீலைக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவைப்பதில் அவர் கை யாருக்கும் வராது. அவர் இடத்துக்கு வந்திருப்பவர் நன்றாகத் தைக்கிறார், வேகம் போகப் போக வரும். ஆகவே கம்பள ஆர்டர்கள், ஏற்கெனவே முன்பணம் கட்டியவை உட்பட, தீபாவளிக்குப் பிறகு கிடைக்கும். புது விலை 7,800. அதுவரை கொலுவுக்கு ஜமக்காளம் விரிக்கலாம். பவானி ஜமக்காளம் மாதிரி பட்டைக் கோடு போட்டு, சின்னச் சட்டத்தில் நெய்தவை நிறைய இருக்கின்றன. நம் ஊர் முற்றத்து வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மரச் சாமான்களில் பெரிய மாற்றம் இல்லை. ஊஞ்சல், பெஞ்சு, இரட்டைக் கதவு எல்லாம் பழைய விலையே. தேக்கில் செய்து தரச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். தேக்கின் ரேகை பெரிது. இரண்டரை அங்குல மேசையில் அது பட்டை பட்டையாகத் தெரிந்து அளவையே கெடுத்துவிடும். ரேகை நுணுக்கமான வெட்பாலையில் கடைந்து தேக்கு நிறம் ஏற்றித் தருவதுதான் சரி. வெளிநாட்டுக் குட்டி விளக்குகளை ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்கிறீர்கள். பொம்மைச் சாமான் இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. அந்த விலைக்கு விற்க எங்களுக்கே மனம் வரவில்லை.

அந்தச் செய்தி பரவியபோது, நாங்கள் கேட்காமலேயே தங்கள் கம்பளங்களை லென்ஸ் வைத்துப் படமெடுத்துக் குழுக்களில் போட்டவர்கள் இருக்கிறீர்கள். தன் கம்பளத்தின் மல் துணியையே பிரித்துப் பின்பக்கத்தைக் காட்டிய மாமி ஒருவர் இருக்கிறார். வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு நம்மிடம் வந்து ஊஞ்சல் செய்யக் கற்றுக்கொண்ட சார், இந்தக் கடையில் தைப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதினார். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை எல்லாம் தைக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டினோம்.

யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால், எந்த வருஷம் வாங்கிய கம்பளமாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் முன்னாலேயே ஒரு மூலையைப் பிரித்துக் காட்டி, திரும்ப ஒட்டித் தருகிறோம், காசு வேண்டாம். சனிக்கிழமைத் தையல் வகுப்பு வழக்கம்போல மதியம் மூன்று மணிக்கு. புதிதாக வருபவர்கள் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள், அப்புறம் வெளிர் நிறச் சேலையோ சட்டையோ வேண்டாம்; மடியில் வைத்துத் தைக்கும்போது அடர்ந்த நிறத்துக்கு மேலேதான் துணியின் கண் தெரியும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்