ஊசிக்கு முன்னால் ஒரு மாத்திரை

அன்புள்ள ராஜு,

கடிதமும் மாமாவின் ரிப்போர்ட் நகல்களும் கிடைத்தன. புற்றுநோய் புரோஸ்டேட்டிலிருந்து முதுகெலும்புக்குப் பரவியிருப்பதால் ஒன்றை மட்டும் முதலில் கவனி.

லூப்ரோலைடு மூன்று மாத ஊசி, 22.5 மி.கி., போட்டவுடன் கட்டிக்குத் தீனியான ஆண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், இறங்காது. முதல் வாரம் ஏறும். மூன்று, நாலு வாரத்தில்தான் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வரும். அந்த ஏற்றத்தில் எலும்பு வலி கூடும், சிறுநீர் அடைக்கும். தண்டுவடத்தை ஒட்டிக் கட்டி இருந்தால் நரம்பு நசுங்கிக் கால் விழுந்துவிடலாம். அதற்குத்தான் பைகலுடமைடு 50 மி.கி., தினம் ஒன்று. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பிறகும் மூன்று, நாலு வாரம். அது ஹார்மோனைக் குறைப்பதில்லை. ஹார்மோன் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். கால் மரத்தாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று இருக்காதே, அப்போதே ஆஸ்பத்திரி.

அதே வேலையைச் செய்யும் டெகாரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றமே கிடையாது. முதல் நாள் 120 மி.கி. இரண்டு, பிறகு மாதம் 80. விதைகளை அகற்றும் ஆபரேஷனிலும் ஏற்றமில்லை, செலவும் ஒரே தடவை. மாமா கூச்சப்பட்டாலும் நீ டாக்டரிடம் கேள்.

ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். 250 மி.கி. மாத்திரை நான்கு, ஒரே வேளையில், வெறும் வயிற்றில். காலை ஆறுக்குத் தண்ணீரோடு விழுங்கினால் இட்லி, காபி எல்லாம் ஏழுக்கு மேல்தான். நெய், எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் மருந்து பத்து மடங்குவரை ரத்தத்தில் ஏறிவிடும். கூட வரும் பிரெட்னிசோலோன் 5 மி.கி.யை, 'ஸ்டீராய்டு, சர்க்கரை ஏறும்' என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பெரிய தப்பு. அபிராடெரோன் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் குறைப்பதால், ஈடுகட்ட அட்ரீனல் சுரப்பி உப்பைத் தேக்கும் ஹார்மோனைக் கொட்டும்: பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கணுக்கால் வீங்கும். சர்க்கரைக்கு மருந்தைக் கூட்டலாம், இதை நிறுத்தக் கூடாது. முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஈரல் டெஸ்ட். பிரஷரும் பொட்டாசியமும் மாதாமாதம்.

பின்னால் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் கட்டியைக் கண்காணிக்கும் ரத்த டெஸ்ட்) ஏறினால் பதறாமல் முதலில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொல். ஊசி நாள் தள்ளிப்போயிருந்தாலும் ஏறும். பைகலுடமைடு வருஷக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு அந்த மாத்திரையே கட்டிக்குத் தீனியாகிவிடுவதும் உண்டு. நிறுத்தி ஆறு வாரம் பார்ப்பார்கள், அதுதான் காரணம் என்றால் பி.எஸ்.ஏ. தானாக இறங்கும்.

எலும்புக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றுவதாக இருந்தால், மாமாவின் ஆடுகிற கடைவாய்ப் பல்லை முன்பே பிடுங்கி, புண் ஆறட்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு. சின்னவள் கல்யாணத் தேதியும்தான்.

அன்புடன்,
மணி