அடைமழையும் கனமழையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் சென்ற வாரம் ஒரு மாலையில் பெய்த இடிமழை பற்றிய செய்திக்குத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘அடைமழையால் நகரம் தத்தளிப்பு’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். முக்கால் மணி நேரத்தில் மழை ஓய்ந்தது என்று அதே செய்தியின் மூன்றாம் வரி கூறுகிறது. முக்கால் மணி நேரத்தில் ஓய்ந்த மழை எவ்வளவு பலமாகப் பெய்திருந்தாலும் அடைமழை ஆகாது.

அடைமழை என்பது மழையின் அளவைக் குறிக்கும் சொல் அன்று. அதன் விடாப்பிடியைக் குறிப்பது. நாலாபக்கமும் வானம் மூடிக்கொண்டு, சில வேளை தூறலாகவும் சில வேளை வலுத்தும், வெயில் முகம் காட்டாமல் நாள்கணக்கில் பெய்வதே அடைமழை. “அடமழ புடிச்சிக்கினு விடமாட்டேங்குது” என்று எங்கள் பக்கத்தில் அலுத்துக்கொள்பவர்கள் யாரும் எத்தனை சென்டிமீட்டர் என்று நினைப்பதில்லை. கனமழைக்கோ இன்று எண்ணே வரையறையாகிவிட்டது. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பதிவானால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை என்பது வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு. ஆகவே நான்கு நாள் அடைமழையில் ஒரு நாள்கூடக் கனமழை பதிவாகாமல் போகலாம். ஒரே மாலை இடிமழை கனமழைக் கணக்கில் சேர்ந்தும் விடலாம்.

‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்ற பழமொழி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. (மோனைக்காக அமைந்தது என்று தமிழாசிரியர்கள் சொல்லக்கூடும், ஐகாரத்துக்கு அகரமும் ககரத்துக்குக் ககரமும் பொருந்தி வருவது உண்மைதான். ஆனாலும் இரண்டும் ஒரே பொருள் தந்திருந்தால் அந்தப் பழமொழியில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?)

நான் குடியாத்தத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவன். பெருமழை கொட்டினால் அரை நாள் வேலை கெடும். மறுநாள் வெயில் அடித்ததும் எல்லாம் பழையபடி நடக்கும். அடைமழை அப்படிப்பட்டதன்று. கஞ்சி போட்ட பாவு நூலைத் தெருவில் நீட்டிக் காயவைக்க இயலாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், நூல் விறைப்பாக நிற்காது, கூலி நின்றுபோகும். மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவர்களின் பாடு இன்னும் மோசம். பிடுங்கும் பருவத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே காய் முளைவிட்டுவிடும். மண்சுவர்களும் பெரும்பாலும் கொட்டித் தீர்க்கும் மழையில் விழுவதில்லை. நாள்கணக்கில் ஊறிய பிறகே சரிகின்றன. 2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் தொடர்மழைக்கிடையேதான். இப்படிப்பட்ட நாள்களில் மக்களை எச்சரிக்க வேண்டிய சொல்லைச் சித்திரை மாத இடிமழைக்குச் செலவிட்டுவிட்டால், ஐப்பசியில் அதே சொல்லைத் தலைப்பில் காணும்போது யார் பொருட்படுத்துவார்கள்?

சொல்லுக்குப் பஞ்சம் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆண்டுதோறும் வெயிலில் வேகும் எங்கள் மாவட்டத்தில், கோடையின் மாலைப்பொழுதில் திடீரென இருட்டிக்கொண்டு காற்றோடு வந்து, மாமரங்களை உலுக்கிவிட்டுப் போகும் மழையைக் கோடைமழை என்றும் இடிமழை என்றும் சொல்கிறோம். மிதமிஞ்சிப் போனால் பேய்மழை என்கிறோம். அன்றைய செய்திக்கு இவற்றுள் எது இருந்தாலும் பொருந்தியிருக்கும்.

இனி மழைச் செய்திகளில், பதிவான சென்டிமீட்டரோடு மழை எத்தனை மணி நேரம் பெய்தது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த விவரம் கையில் இருந்தால், எந்தச் சொல்லைத் தலைப்பில் போடுவது என்று துணையாசிரியர்கள் தடுமாற வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குடியாத்தம்.